வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? சாவியை நீட்டுவதற்கு முன்



காணி உறுதியில் பெண்களின் பெயரைச் சேர்ப்பது பற்றி இம்மாதம் எழுதுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். அது ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும். இடையில் ஓர் ஓட்டோ வந்து நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால் நின்றேவிட்டது, கிளம்பவில்லை.

இரத்தினபுரி மாவட்டத்தில் காவத்தைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றில் அந்த அக்கா இருக்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. 1981 ஆகஸ்டில் இந்தப் பக்கத் தோட்டங்களில் வன்செயல் நடந்தபோது, ஐந்து வயதுப் பிள்ளையாகத் தாய் தகப்பனோடு வன்னிக்குப் போனவர். கிளிநொச்சியில் வளர்ந்து, அங்கேயே திருமணம் செய்து, 2009இல் கணவரை இழந்து, செட்டிக்குளம் முகாமில் இருந்துவிட்டு, கடைசியில் தமக்கையின் லயத்துக்கே திரும்பி வந்தவர். தோட்டத் தமிழும் வன்னித் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும் அவருக்கு. பழைய ஓட்டோ ஒன்றை லீசிங்கில் எடுத்து ஓட்டுகிறார். விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகும் பெண்கள், பிறகு பாடசாலைப் பிள்ளைகள், பகலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். இதுதான் அவருடைய நாள்.

அந்த ஓட்டோ மூன்று நாட்களாக ஸ்டார்ட் ஆகவில்லை. மூன்று நாள் ஓடாவிட்டால் மாதத் தவணையில் ஓட்டை விழும். தவணை தவறினால் என்ன நடக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கராஜிலிருந்து ஒருவர் வந்து, ஐந்து நிமிடம் உதைத்துப் பார்த்து, "எஞ்சின் இறக்கோணும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எமது மகளிர் சங்கக் கூட்டத்தில் அக்கா சொன்னது இது: "மிஸ், இத வித்துப்போட்டு நானும் பால் வெட்டவே போறேன். மெசின் வேல எல்லாம் நமக்குச் சரிவராது."

அந்தக் கடைசி வசனம்தான் என்னை இந்தப் பக்கத்தை மாற்றி எழுத வைத்தது. தோட்டத்தில் கொழுந்தும் பாலும் பெண்ணின் கையில். ஃபெக்டரி மெசினும் லொறியும் ஆணின் கையில். பல்கலைக்கழகத்தில் இதற்கு 'உழைப்புப் பிரிவினை' என்று பெயர் சொல்லித் தந்தார்கள். பெயர் தெரிந்ததால் எனக்கு ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றத் தெரிந்துவிடவில்லை, அது வேறு விடயம். பிறகு எனக்குப் பழக்கித் தந்தவர் தோட்ட லொறி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவரிடம் கேட்டுக் கையால் செய்து பார்த்தவற்றைத்தான் கீழே எழுதுகிறேன்.

அக்காவிடம் நான் கேட்டது ஒன்றுதான். "வன்னியில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினீர்களே, அதை எப்படி ஸ்டார்ட் பண்ணினீர்கள்?" சிரித்துவிட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்பதை மறந்திருந்தார்.

வடக்கில் இருந்த சகோதரிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மலையகத்து வாசகிகளுக்காகச் சொல்கிறேன். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் பெற்றோல் போவது நின்றது. கிடைத்த கொஞ்சமும் நெருப்பு விலை. அப்போது மோட்டார் சைக்கிளும் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. எஞ்சினுக்குள் எரிவது திரவம் அல்ல, ஆவி. பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு உதைப்பார்கள். அந்தத் துளிகளில் எஞ்சின் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெய் தொடரும். ஒரு சிறிய போத்தல் பெற்றோலைத் தங்கம்போல வைத்திருந்து மாதக்கணக்கில் ஓட்டினார்கள். புகையும் மணமும் உண்டு, எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கும் குறையும் உண்டு. இருந்தும் வண்டிகள் ஓடின. பழைய கார்களில் காற்றை இறுக்கும் அளவு குறைவு என்பதால்தான் அவை இதைத் தாங்கின.

இது யாழ்ப்பாணத்தாரின் புதுமை மட்டும் அல்ல. 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் செய்த ஃபேர்கசன் டிரக்டர்களில் ஒரு வகை இதே முறையில்தான் வேலை செய்தது. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு மாற்றுவார்கள். அங்கே அதைத் தொழிற்சாலை செய்து கொடுத்தது. இங்கே தடைக்குள் இருந்த மனிதர்கள் தாங்களே செய்துகொண்டார்கள்.

சரி, இனி ஓட்டோவுக்கு வருவோம். எஞ்சின் கிளம்ப என்ன வேண்டும்? எரிபொருள், காற்று, தீப்பொறி, இவை மூன்றையும் உள்ளே சேர்த்து இறுக்கச் சுழலும் ஒரு சுற்று. அடுப்பைப் போலத்தான். விறகு ஈரமா, காற்று போகிறதா, தீக்குச்சி பற்றுகிறதா என்று பார்ப்பதற்கு நாங்கள் யாரையும் கூப்பிடுவதில்லையே. முக்கியம் என்னவென்றால் வரிசை. செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினை இறக்குவது வரிசையின் கடைசியில் இருப்பது.

முதலில் காதைக் கொடுங்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுற்றுகிறதா, அல்லது 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறதா? சுற்றவே இல்லை, முன் லைட்டும் மங்கல், ஹோர்ன் இழுக்கிறது என்றால் பற்றரியைப் பாருங்கள். பற்றரி செத்துப்போனது என்று உடனே முடிவுக்கு வராதீர்கள். இரண்டு முனைகளிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் படிந்திருக்கும். வயரை எடுக்கும்போது கழித்தல் அடையாளமுள்ள முனையை முதலில் கழற்றுங்கள், பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். அப்பச்சோடா கலந்த சுடுதண்ணீரை, மூடிக்குள் போகாமல், முனைகளில் மட்டும் விட்டுப் பழைய பல் பிரஷால் தேயுங்கள். நன்றாகத் துடைத்து இறுக்கிப் பூட்டுங்கள். அந்தத் தூள் அசிட் சம்பந்தப்பட்டது, கண்ணில் பட விடாதீர்கள்.

பற்றரி பலவீனமாக இருந்தாலும், கையால் இழுக்கும் லீவரோ உதைக்கும் கிக்கரோ உள்ள பழைய வண்டிகள் பல கிளம்பிவிடும். எமது பகுதி ஓட்டுநர்கள் இரவில் வண்டியை ஏன் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துகிறார்கள் தெரியுமா? இரண்டாம் கியரில் கிளச்சைப் பிடித்தபடி உருள விட்டு, வேகம் வந்ததும் கிளச்சை விட்டால் சில்லே எஞ்சினைச் சுற்றிவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டிகளில் இது நடக்காது. ஆட்களை ஏற்றிக்கொண்டும் செய்ய வேண்டாம். தோட்டத்து வளைவுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா!

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் இனி மூக்கின் வேலை. பெற்றோல் மணமே இல்லை என்றால் உள்ளே பெற்றோல் போகவில்லை. தாங்கியில் இருக்கிறதா? திருகு 'ஓஃப்'இல் இருக்கிறதா? ரிசேர்வுக்கு மாற்றிப் பாருங்கள். தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. காற்று உள்ளே போகாவிட்டால் பெற்றோல் கீழே இறங்காது. இளநீரில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள், புரியும்.

மாறாக மணம் மூக்கைத் துளைத்தால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது. சோக்கை எடுத்துவிட்டு, அக்சிலேற்றரை முழுதாகத் திறந்து பிடித்து, நாலைந்து முறை உதையுங்கள். முடியாவிட்டால் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். கோபத்தில் மேலும் மேலும் உதைக்க மேலும் மேலும் நனையும். (இதைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு சகோதரி, "எங்க வீட்டு ஆளுக்கும் அதே வைத்தியந்தான் மிஸ்" என்றார். கூட்டம் அதன் பிறகு அடங்கக் கொஞ்ச நேரமானது.)

பெற்றோல் வருகிறது, ஆனால் வருவது பெற்றோல்தானா? அக்காவின் ஓட்டோ இங்கேதான் அகப்பட்டது. கண்ணாடிப் போத்தல் ஒன்றில் தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்தோம். குப்பி லாம்பு, அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த வெளியில். இரண்டு நிமிடத்தில் போத்தலுக்குள் ஒரு கோடு விழுந்தது. மேலே பெற்றோல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். தண்ணீர் பாரம் கூடியது, எப்போதும் அடியில் போய் நிற்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியில்தான் தொடங்குகிறது. எனவே எத்தனை லீற்றர் பெற்றோல் நிரப்பினாலும் எஞ்சின் முதலில் குடிப்பது தண்ணீரை. மூடியிலிருந்த றப்பர் வளையம் வெடித்திருந்தது, மழை அதன் வழியே இறங்கியிருந்தது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த வளையத்தின் விலையைக் கேட்டால் கராஜ்காரரின் மேல் உங்களுக்குக் கோபம் வரும், அதனால் எழுதவில்லை.

"இதத்தானே நாங்க அங்க ஒவ்வொரு போத்தலிலயும் பாத்தனாங்கள்" என்றார் அக்கா. கலப்படத்தைக் கண்டுபிடிக்க வன்னியில் எண்ணெயை வெயிலில் தூக்கிப் பார்த்த கண் அவருக்கு.

தாங்கியையும் காபரேற்றரின் அடிக் கிண்ணத்தையும் வடித்துத் துடைத்த பிறகும் வண்டி ஒரு முறை இருமி நின்றது. அடுத்தது பிளக். பிளக் ஸ்பெனர் ஒன்று இருந்தால் யாரும் கழற்றலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கழற்றிய பிளக் எஞ்சினுக்குள் நடப்பதைச் சொல்லும். நுனி உலர்ந்து கிடந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. பெற்றோலில் நனைந்திருந்தால் பெற்றோல் வந்தும் பொறி விழவில்லை. கரி படிந்து கறுத்திருந்தால் காற்றுப் போதவில்லை, எயார் பில்டரைத் திறந்து பாருங்கள், தோட்டத்துப் பாதைப் புழுதி அதற்குள் குடியிருக்கும். இளம் மண்ணிறமாக இருந்தால் எல்லாம் நலம். நுனியைப் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள வெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவானது, நெரித்து ஒட்டவைத்து விடாதீர்கள்.

பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதி எஞ்சின் உடம்பில் படும்படி வைத்து, இன்னொருவர் உதைக்க வேண்டும். நீலமாகப் பளிச்சென்று விழுந்தால் நல்லது. மஞ்சளாக மெல்லியதாக விழுந்தால் பலவீனம். அங்கே ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ற். பிளக்கின் உலோகத்தைக் கையால் பிடிக்க வேண்டாம், றப்பர்த் தொப்பியையும் உலர்ந்த துணி சுற்றித்தான் பிடியுங்கள். சிந்திய பெற்றோலைத் துடைத்து, பிளக் துளையிலிருந்து பொறியைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். அக்காவின் வண்டியில் பொறி வந்தது, ஆனால் வயரின் தொப்பிக்குள் ஈரம். உலர்ந்த துணியால் துடைத்து, கொஞ்சம் வெயில் காட்டிப் பூட்டினோம். மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

விடிகாலைப் பனியிலும் மழை நாளிலும் வண்டி அடம் பிடித்து, வெயில் ஏறியதும் ஒழுங்காகக் கிளம்பினால் முதலில் அந்தத் தொப்பியைச் சந்தேகியுங்கள்.

பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்து விற்கப்படுவதும் உண்டு. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமல் வரிசையில் நின்றோம். யூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான். அப்படித் தட்டுப்பாடு வரும் காலங்களில் போத்தலில் வாங்கிய பெற்றோலை நம்ப முடியாது. சூடான எஞ்சின் ஓடும், காலையில் குளிரில் கிளம்பாது, பிளக் அடிக்கடி கறுக்கும். தண்ணீரைப்போல மண்ணெண்ணெய் பிரிந்து நிற்காது, அதனால் போத்தலில் கோடு விழாது. ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பாருங்கள். நல்ல பெற்றோல் விரைவில் உலர்ந்துவிடும், மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையாக நெடுநேரம் நிற்கும்.

வாகன எஞ்சின் பெண்ணுக்குப் புதிது என்று யாராவது உங்களிடம் சொன்னால் பேர்த்தா பென்ஸின் கதையைச் சொல்லுங்கள். ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் 1886இல் மோட்டார் வண்டிக்கு உரிமம் பெற்றார். மனைவி பேர்த்தாவின் சீதனப் பணமும் அந்தத் தொழிலில் போடப்பட்டிருந்தது. வண்டியை வாங்க ஆட்கள் தயங்கினார்கள். 1888 ஆகஸ்டில் பேர்த்தா கணவருக்குச் சொல்லாமல் இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய் வீட்டுக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைபட்டது, தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி எடுத்தார். பொறிக்குப் போகும் வயர் தேய்ந்து வெளியே தெரிந்தது, காலுறைப் பட்டியால் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தபோது ஒரு மருந்துக் கடையில் கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். உலகின் முதலாவது நெடுந்தூர மோட்டார்ப் பயணம் இதுதான் என்கிறார்கள். தாய் வீட்டுக்குப் போவதென்றால் பெண்களுக்கு எங்கிருந்துதான் தைரியம் வருமோ! ஒரு எச்சரிக்கை: காபரேற்றரின் சின்னத் துளையில் நீங்கள் ஊசி குத்த வேண்டாம், துளை பெரிதானால் பெற்றோல் அதிகமாகக் குடிக்கும். வாயால் ஊதாமல் காற்றுப் பம்பால் ஊதுங்கள்.

வன்னியில் லேண்ட் மாஸ்டர் வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. காற்றை இறுக்கும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. டீசலை முழுதாகத் தீர விட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும், பிறகு நிரப்பினாலும் கிளம்பாது. பில்டருக்குப் பக்கத்திலுள்ள சிறு ஆணியைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை விட்டு, மீண்டும் இறுக்க வேண்டும். கைப்பிடி போட்டுச் சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமாகவே வையுங்கள், பிடியைச் சுற்றி வளைக்காதீர்கள். எஞ்சின் எதிர்த் திசையில் அடித்தால் வளைத்த பெருவிரல்தான் முறியும்.

வெள்ளம் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியில் வண்டி பற்றி எழுத முடியாது. 2003 மே, 2017 மே, பிறகு 2025 நவம்பரில் டித்வா புயல். எஞ்சின் தண்ணீரில் மூழ்கியிருந்தால், தண்ணீர் வடிந்ததும் ஆசையில் சாவியைத் திருப்பாதீர்கள், தள்ளியும் பார்க்காதீர்கள். காற்றை இறுக்கலாம், தண்ணீரை இறுக்க முடியாது. உள்ளே தண்ணீர் இருக்கையில் சுற்றினால் இரும்புத் தண்டே வளையும். எஞ்சின் இறக்கும் செலவு உண்மையிலேயே அப்போதுதான் வரும். பற்றரியைக் கழற்றி, ஒயில் பார்க்கும் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அதன் பிறகு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய இன்னும் சில இடங்கள் உண்டு. கிக்கர் எந்தத் தடையும் இல்லாமல் சோர்வாக இறங்கினால், சுற்றும்போது உள்ளே இரும்பு உரசும் சத்தம் கேட்டால், பிளக் புதிதாகியும் பொறி வராவிட்டால் போகத்தான் வேண்டும். போகும்போது "வண்டி ஓடுதில்லை" என்று மட்டும் சொல்லிச் சாவியை நீட்டாதீர்கள். "பற்றரி சரி, பெற்றோல் வருது, பிளக் நனைஞ்சிருக்கு, பொறி இல்ல" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவர் சொல்லும் தொகை வேறாக இருப்பதை நான் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டேன். கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இரவில் பிரசவ வலியோ பாம்புக் கடியோ என்றால் இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் மற்ற மாகாணங்களுக்கும் வந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இது, பணம் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், பிரதான பாதையிலிருந்து திரும்பும் இடம், மூன்றையும் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். லயம் வரை பாதை இல்லாத இடங்களில் எந்தச் சந்திக்கு நோயாளியைக் கொண்டுவருவது என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா இப்போது ஓட்டோவின் இருக்கைக்கு அடியில் ஒரு பிளக், ஒரு கண்ணாடிப் போத்தல், ஒரு உலர்ந்த துணி வைத்திருக்கிறார். எமது சங்கமும் பிளக் ஸ்பெனர் ஒன்று வாங்கி அலுமாரியில் வைத்தது. யாரும் எடுத்துப் போகலாம், பக்கத்திலுள்ள கொப்பியில் பெயரை எழுத வேண்டும். போன கிழமை எடுத்துப் போனவர் பெயரும் எழுதவில்லை, ஸ்பெனரையும் கொண்டுவரவில்லை. இந்தப் பக்கத்தைப் படித்தால் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.